16 ஊர், 640 பிள்ளைகள்: பல் ஃப்ளோரோசிஸ் டேட்டாவை எஸ்பிஎஸ்எஸ்-இல் அலசுவது எப்படி?

காரிமங்கலம்_பிஜி கேட்டது:

வணக்கம். சமூக மருத்துவ முதுநிலை ஆய்வேட்டுக்கான கேள்வி. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம் ஒன்றியங்களில் 16 ஊர்கள். ஊருக்கு 40 பள்ளிப் பிள்ளைகள், வயது 12 முதல் 15 வரை, ஆக 640 பேர். ஃப்ளோரைடால் பல்லில் விழும் கறையை (ஃப்ளோரோசிஸ்), கடுமையை வகைப்படுத்தும் டீன் குறியீட்டில் பதிந்திருக்கிறோம். ஊருக்கு ஒரு பொது போர்வெல்லில் தண்ணீர் எடுத்து ஃப்ளோரைடு அளவும் பார்த்தாயிற்று.

ஃப்ளோரைடு 1.5 மி.கி./லிட்டருக்கு மேல், கீழ் என்று பிரித்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கை-ஸ்கொயர் சோதனை போட்டேன். பி மதிப்பு 0.000. பைனரி லாஜிஸ்டிக் போட்டாலும் அதே 0.000. கைடு பார்த்துவிட்டு, "கிளஸ்டரிங்கைக் (ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுபோல இருப்பதை) கணக்கில் எடுக்கவே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

640 பேர் இருந்தும் இது ஏன் போதாது? எஸ்பிஎஸ்எஸ்-இலேயே சரிசெய்ய முடியுமா, ஆர் மென்பொருள் கற்றுத்தான் ஆகவேண்டுமா? டீன் குறியீட்டை உண்டு/இல்லை என்று இரண்டாக வெட்டியது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்பெண்ணை:

உங்கள் கைடு சொன்னது சரி. ஃப்ளோரைடு அளவை நீங்கள் பிள்ளைக்குப் பிள்ளை அளக்கவில்லை, ஊருக்கு ஊர் அளந்தீர்கள். 640 வரிசை இருந்தாலும் அந்தப் பத்தியில் இருப்பது 16 எண்தான். ஒரே தண்ணீர், ஒரே சமையல், ஒரே பள்ளி. ஒரு ஊர்ப் பிள்ளைகளின் பல் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. ஒரு பானைச் சோற்றில் 40 பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் தெரிவது அந்த ஒரு பானையைப் பற்றித்தான். கை-ஸ்கொயரும் சாதாரண லாஜிஸ்டிக்கும் 640 பேரும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. அதனால் ஸ்டாண்டர்டு எரர் (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) சுருங்கி, பி மதிப்பு பொய்யாகச் சின்னதாகிவிடுகிறது.

எவ்வளவு சுருங்கும் என்று பார்க்க டிசைன் எஃபெக்ட் சூத்திரம்: 1 + (m − 1) × ஐசிசி. இங்கே m என்பது ஊருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது; ஐசிசி என்பது ஒரே ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு ஒன்றுபோல இருக்கிறார்கள் என்பதன் அளவு. ஐசிசி 0.05 என்று வைத்தால் 1 + 39 × 0.05 = 2.95. உங்கள் 640 பேர் ஏறக்குறைய 217 பேருக்குச் சமம். ஐசிசி 0.10 என்றால் 4.9, 130 பேர்தான் மிச்சம். தண்ணீரோடு ஒட்டிய நோய்க்கு ஐசிசி சிறியதாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

எஸ்பிஎஸ்எஸ்-இலேயே செய்யலாம். ஆனால் அட்வான்ஸ்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாட்யூல் உங்கள் லைசென்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அனலைஸ் மெனு, ஜெனரலைஸ்டு லீனியர் மாடல்ஸ், அதற்குள் ஜெனரலைஸ்டு எஸ்டிமேட்டிங் ஈக்வேஷன்ஸ். சுருக்கமாக ஜிஇஇ. ஊருக்குள் உள்ள ஒட்டுறவைக் கணக்கில் எடுக்கும் முறை இது.

முதல் டேப் ரிப்பீட்டட். சப்ஜெக்ட் வேரியபிள்ஸ் பெட்டியில் ஊர்க் குறியீட்டு எண்ணைப் போடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே பிள்ளையின் எண்ணைப் போட்டால் 640 கிளஸ்டர் ஆகி, பழையபடி சாதாரண லாஜிஸ்டிக்குக்கே வந்துவிடுவீர்கள். கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் ரோபஸ்ட் எஸ்டிமேட்டராகவே இருக்கட்டும். வொர்க்கிங் கோரிலேஷன் மேட்ரிக்ஸ் தொடக்கத்தில் இண்டிபெண்டன்ட் என்று இருக்கும். அதை எக்ஸ்சேஞ்சபிள் (ஒரே ஊரின் எந்த இரு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு ஒட்டுறவு) என்று மாற்றுங்கள்.

டைப் ஆஃப் மாடல் டேப்பில் பைனரி லாஜிஸ்டிக் எடுக்கலாம். நான் எடுக்கச் சொல்வது கவுண்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பாய்சன் லாக்லீனியர். உண்டு/இல்லை பதிவுக்கு பாய்சனா என்று வைவாவில் கேட்பார்கள். காரணம் இது: இந்த மாவட்டத்தில் ஃப்ளோரோசிஸ் அரிய நோய் இல்லை, அரிதல்லாத நோய்க்கு ஆட்ஸ் ரேஷியோ (நோய் உள்ளோர்–இல்லாதோர் விகிதங்களின் ஒப்பீடு) ஊதிக் காட்டும். ஒரு பக்கம் 60 சதவீதம், மறுபக்கம் 40 சதவீதம் என்றால் ப்ரிவலன்ஸ் ரேஷியோ, அதாவது இரு சதவீதங்களின் விகிதம், 1.5; அதே கணக்கில் ஆட்ஸ் ரேஷியோ 2.25. படிப்பவர் அந்த 2.25-ஐ "இரண்டேகால் மடங்கு ஆபத்து" என்று புரிந்துகொள்வார். ரோபஸ்ட் எரரோடு சேர்த்த பாய்சன் நேராக ப்ரிவலன்ஸ் ரேஷியோவைத் தரும். தொற்றுநோயியலில் இது பழகிய முறை.

மாடல் டேப்பைத் திறந்து வேரியபிள்களை வலப்பக்கப் பெட்டிக்குத் தள்ள மறந்துவிடாதீர்கள். ப்ரெடிக்டர்ஸ் டேப்பில் கொடுத்தாலே போதும் என்று பலர் ஓகே அழுத்துகிறார்கள்; வருவது இன்டர்செப்ட் மட்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டேப்பில் எக்ஸ்பொனென்ஷியல் எஸ்டிமேட்ஸ், வொர்க்கிங் கோரிலேஷன் மேட்ரிக்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். இரண்டாவதில் உங்கள் டேட்டாவின் உண்மையான ஒட்டுறவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. 16 கிளஸ்டர் என்பது ஜிஇஇ-க்கே குறைவு. 40-க்குக் கீழே போனால் ரோபஸ்ட் எரரும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். அதனால் பக்கத்திலேயே ஊர்மட்டக் கணக்கு ஒன்றும் போட்டு வையுங்கள். டேட்டா மெனுவில் அக்ரிகேட், பிரேக் வேரியபிளாக ஊர் எண், 0/1 பத்தியின் சராசரி, ஃப்ளோரைடின் சராசரி. 16 வரிசையுள்ள ஒரு சின்ன ஃபைல் வரும். அதில் லீனியர் ரிக்ரெஷன் போட்டால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 14, டி மதிப்பு 1.96-க்குப் பதில் 2.145 என்ற வரம்பைத் தாண்டவேண்டும். அதே 16 புள்ளிகளை ஸ்கேட்டர் படமாக ஆய்வேட்டில் போடுங்கள். என்னைக் கேட்டால் ஐந்து அட்டவணைகளைவிட அந்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

1.5-இல் வெட்டவும் வேண்டாம். ஐஎஸ் 10500 தரத்தில் 1.0 ஏற்கத்தக்க அளவு, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. இரண்டுமே குடிநீருக்கான வரம்புகள். பல்லில் கறை விழுவது 1.5-இல் திடீரென்று தொடங்குவதில்லை. 1.4 உள்ள ஊரையும் 0.4 உள்ள ஊரையும் ஒரே கூடையில் போட்டால் இருக்கிற 16 எண்ணிலும் பாதி விவரம் போய்விடும். அளந்த எண்ணை அப்படியே கோவேரியேட்டாகக் கொடுங்கள்.

மாங்கூழ்:

மாடலுக்குப் போகும் முன் ஃபைலைப் பாருங்கள். டீன் குறியீட்டை எந்த எண்ணில் பதிந்தீர்கள்? உலக சுகாதார நிறுவனப் படிவம் என்றால் 0 இயல்பு, 1 ஐயம், 2 மிக லேசு, 3 லேசு, 4 நடுத்தரம், 5 கடுமை. அதோடு 8 என்றால் விலக்கப்பட்டது, 9 என்றால் பதியவில்லை. "2-ம் அதற்கு மேலும் இருந்தால் ஃப்ளோரோசிஸ்" என்று ரீகோட் எழுதினால் 8, 9 எல்லாம் நோயாளிகளாகிவிடும். வேரியபிள் வியூவில் மிஸ்ஸிங் பத்தியில் 8, 9 இரண்டையும் அறிவித்துவிட்டுப் பிறகு ரீகோட் செய்யுங்கள். பின்னால் ஆருக்கு மாறினால் எக்செல், சிஎஸ்வி வழியாகப் போகும்போது இந்த அறிவிப்பு கூட வராது. அங்கே மறுபடி சொல்லவேண்டும்.

சமூக ஃப்ளோரோசிஸ் குறியீட்டெண், அதாவது ஊருக்கான சராசரி டீன் மதிப்பெண், கணக்கிடுவதாக இருந்தால் இன்னொரு பள்ளம். அதற்கான எடை 0, 0.5, 1, 2, 3, 4. படிவத்தில் இருக்கும் 0 முதல் 5 வரையிலான எண்களை அப்படியே சராசரி எடுத்துவிடுகிறார்கள். கணக்குக்காக 40 பிள்ளைகள்: இயல்பு 20, ஐயம் 10, மிக லேசு 7, லேசு 3. சரியான எடையில் 5 + 7 + 6 = 18, வகுத்தால் 0.45. படிவ எண்ணில் 10 + 14 + 9 = 33, வகுத்தால் 0.825. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று டீன் வைத்த கோடு 0.6. ஒரே ஊர், ஒரு கணக்கில் கோட்டுக்குக் கீழே, இன்னொன்றில் மேலே! எடைக்கென்று தனி வேரியபிள் வைத்துக்கொள்ளுங்கள், மூலப் பத்தியைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தால் பாலக்கோட்டுக்கே இரண்டு மூன்று ஸ்பெல்லிங் இருக்கும், பென்னாகரத்துக்கும் அப்படியே. ஒரு எழுத்து மாறினாலும், பெயருக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தாலும், மென்பொருளுக்கு அது வேறு ஊர். எதிர்மாறாக, இரண்டு ஒன்றியங்களில் ஒரே பெயருள்ள ஊர்கள் இருந்தால் அவை ஒன்றாகிவிடும். 1 முதல் 16 வரை எண் கொடுத்து அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

தண்ணீர் அறிக்கையில் "பிடிஎல்" என்று, அதாவது கண்டறியும் அளவுக்குக் கீழே என்று, எங்காவது வந்திருக்கிறதா? அந்த ஒரு சொல் பத்தியில் இருந்தால் முழுப் பத்தியும் எழுத்து வகையாகி ஃப்ளோரைடு கணக்கில் ஏறாது. அதைக் காலியாக விட்டால் நல்ல தண்ணீர் உள்ள ஊரே ஆய்விலிருந்து விழுந்துவிடும். பூஜ்யம் போடுவதும் சரியில்லை. கண்டறியும் வரம்பில் பாதியைப் போட்டு, அப்படிச் செய்ததை முறைகள் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பி 0.000 என்று ஆய்வேட்டில் எழுதவேண்டாம். எஸ்பிஎஸ்எஸ் மூன்று தசமத்தோடு நிறுத்திக் காட்டுகிறது, அவ்வளவே. 0.001-க்குக் குறைவு என்று எழுதுங்கள்.

காரிமங்கலம்_பிஜி:

இருவருக்கும் நன்றி. 8, 9 இரண்டும் உள்ளேதான் இருந்தன, நீக்கிவிட்டேன். ஜிஇஇ இரண்டு விதமாகவும் போட்டேன். பாய்சனில் ஃப்ளோரைடு கூடக் கூட ஃப்ளோரோசிஸ் கூடுகிறது. பைனரி லாஜிஸ்டிக்கில் அப்படியே தலைகீழ்: ஃப்ளோரைடு கூடினால் நோய் குறைகிறதாம், எக்ஸ்பொனென்ஷியல் மதிப்பு 1-க்குக் கீழே. டேட்டா அதேதான். எதை நம்புவது?

தென்பெண்ணை:

பாய்சனை. பைனரியில் ரெஸ்பான்ஸ் டேப்பில் ரெஃபரன்ஸ் கேட்டகரி என்று ஒரு பட்டன் இருக்கும். அது தொடக்கத்திலேயே கடைசி மதிப்பு, அதாவது 1, என்று வைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் மென்பொருள் கணிப்பது "ஃப்ளோரோசிஸ் இல்லாமலிருக்கும்" வாய்ப்பை. ஃபர்ஸ்ட் என்று மாற்றினால் நிமிர்ந்துவிடும். 0.40 வந்திருந்தால் 2.5 ஆகும், அதன் தலைகீழ்தான். வழக்கமான பைனரி லாஜிஸ்டிக் மெனுவில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் பழகிவிட்டு ஜிஇஇ-க்கு வருபவர்கள் எல்லாருமே இதில் தடுக்குகிறார்கள்.

விளக்கும் வேரியபிள்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்/பெண், குடிநீர் ஆதாரம் போன்றவற்றை ஃபேக்டராகக் கொடுத்தால் எஸ்பிஎஸ்எஸ் கடைசி வகையை அடிப்படையாக வைக்கும். ஆர் முதல் வகையை வைக்கும். ஸ்டேட்டா மென்பொருளில் மிகச் சிறிய எண். அடிப்படை எது என்று அட்டவணையின் அடியில் எழுதாத ஆய்வேட்டை நம்பிப் படிக்க முடியாது.

அவுட்புட்டில் கோரிலேட்டட் டேட்டா சம்மரி என்று ஒரு சின்ன அட்டவணை வந்திருக்கும். நம்பர் ஆஃப் சப்ஜெக்ட்ஸ் எவ்வளவு?

காரிமங்கலம்_பிஜி:

17! ஒரு ஊரில் 39, இன்னொன்றில் 1.

மாங்கூழ்:

அந்த ஒருவர்தான் ஸ்பெல்லிங் மாறியவர். அந்த அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் இதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

ஒகேனக்கல்_பரிசல்:

மாடல் ஒழுங்கானது நல்லது. ஆனால் இதுவரை யாரும் தொடாத ஒன்று: அந்த ஃப்ளோரைடு எண் எதைக் குறிக்கிறது?

நீங்கள் அளந்தது இன்றைய போர்வெல் தண்ணீர். பிள்ளையின் நிரந்தர முன்பற்களின் எனாமல் உருவாவது பிறந்ததிலிருந்து சுமார் 4 வயதுக்குள். பின்பற்களைச் சேர்த்தால் 8 வயது வரை. அதற்குப் பிறகு குடிக்கும் தண்ணீர் பல்லில் புதிதாக ஃப்ளோரோசிஸை உண்டாக்காது. ஆக உங்களுக்கு வேண்டியது, அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் என்ன தண்ணீர் என்பது.

நம் மாவட்டங்களில் இந்த இடைவெளி பெரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃப்ளோரோசிஸைக் குறைக்கவென்றே, ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. தண்ணீர் ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடவில்லை. இன்று போர்வெல்லில் 2.5 காட்டும் ஊரில் பிள்ளைகள் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்திருக்கலாம். போர்வெல் எண்ணை மட்டும் மாடலில் போட்டால் அந்த ஊர் "ஃப்ளோரைடு அதிகம், நோய் குறைவு" என்று வந்து சரிவை மட்டமாக்கும். இந்தத் தவறை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

செய்யவேண்டியது: ஊருக்கு ஒரு வேரியபிள், திட்டத் தண்ணீர் முறையாக வரத் தொடங்கிய ஆண்டு. ஊராட்சி அலுவலகத்திலோ குடிநீர் வடிகால் வாரியத்திலோ கேட்கலாம். தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டால் இன்னும் சரியாக வரும். அதிலிருந்து பிள்ளையின் பிறந்த ஆண்டைக் கழித்தால், போர்வெல் தண்ணீரில் கழிந்த வயது கிடைக்கும். எதிர்ம எண் வந்தால் 0, 8-க்கு மேல் போனால் 8. இந்த எண் ஒரே ஊருக்குள்ளேயே பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பது உங்களுக்கு லாபம். 12 வயதுப் பிள்ளையும் 15 வயதுப் பிள்ளையும் மூன்று ஆண்டு வித்தியாசத்தில் வேறு வேறு தண்ணீரில் வளர்ந்திருப்பார்கள். 16 எண்ணோடு நின்ற ஆய்வில் ஊருக்குள்ளான ஒப்பீடும் கிடைக்கிறது. ஆனால் வயதும் அதே மாடலில் இருந்தால், ஊருக்குள் இரண்டும் சேர்ந்தே நகரும். பிரித்தறிய உதவுவது ஊருக்கு ஊர் ஆண்டு மாறுவதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருந்தவர்களா என்று கேட்டிருக்கிறீர்களா? பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அந்தப் பிள்ளைகளை நீக்கி ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை மாடலை ஓட்டுங்கள். குடிக்கும் தண்ணீரும் சமைக்கும் தண்ணீரும் வேறாக இருக்கலாம். கேன் தண்ணீர் வாங்கும் வீட்டிலும் களி கிண்டுவது குழாய்த் தண்ணீரில்தான். ஒரே கேள்வியில் "குடிநீர் ஆதாரம்" என்று கேட்டிருந்தால் அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

ஊருக்கு ஒரே ஒரு நீர் மாதிரி (சாம்பிள்) என்பதும் பலவீனம். ஒரே ஊரில் இரண்டு போர்வெல்லுக்கு நடுவே ஃப்ளோரைடு நிறைய மாறும், கோடைக்கும் மழைக்காலத்துக்கும் மாறும். மறுபடி எடுக்க முடிந்தால் பயன்பாட்டிலுள்ள எல்லா போர்வெல்லிலும் எடுத்து, வீட்டுக்கு எது ஆதாரமோ அந்த எண்ணைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

தொப்பூர்_கணவாய்:

டீன் குறியீட்டை இரண்டாக வெட்டியது பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கு அது பிடிக்கவில்லை. மிக லேசான வெள்ளைக் கோடும் பழுப்பேறிக் குழி விழுந்த பல்லும் ஒரே "உண்டு" ஆகிவிடுகிறது. பெற்றோர் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றித்தான். வகைகளின் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆர்டினல் லாஜிஸ்டிக் போடலாம்.

எஸ்பிஎஸ்எஸ் ஜிஇஇ-யிலும் ஆர்டினல் உண்டு. ஆனால் அதில் எக்ஸ்சேஞ்சபிள் எடுக்க விடாது, இண்டிபெண்டன்ட் மட்டும்தான். ரோபஸ்ட் எரர் இருப்பதால் அதனால் பெரிய குற்றமில்லை. ஆரில் ஆர்டினல் என்ற பேக்கேஜின் சிஎல்எம்எம் கட்டளை ஊரை ரேண்டம் எஃபெக்டாக எடுத்துக்கொள்ளும். ஸ்டேட்டாவில் எம்இஓலாஜிட். கடுமை வகையில் பத்துப் பேர்கூட இல்லையென்றால் நடுத்தரத்தோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாடல் கன்வெர்ஜ் ஆகாமல் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். ப்ரொபோர்ஷனல் ஆட்ஸ் நிபந்தனை (வகைகளை எங்கே வெட்டினாலும் ஃப்ளோரைடின் விளைவு ஒன்றே என்பது) நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

ஆரில் ஜிஇஇ போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜிஇஇபேக் பேக்கேஜ், அடுத்தடுத்த வரிசைகளில் ஊர் எண் மாறும் இடத்தில் புது கிளஸ்டர் தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். ஃபைல் ஊர் எண் வரிசையில் இல்லாவிட்டால் 16 கிளஸ்டர் நூற்றுக்கணக்கில் சிதறிவிடும், எந்த எர்ரரும் காட்டாது. முதல் வேலை ஊர் எண்படி வரிசைப்படுத்துவது. எஸ்பிஎஸ்எஸ்-இல் அதற்கான டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள்.

தென்பெண்ணை:

தொப்பூர் சார், ஆர்டினலை நான் மறுக்கவில்லை. ஆனால் 16 ஊரில் அதை முதன்மை ஆய்வாக வைக்கமாட்டேன். ப்ரோட்டோகாலில் எத்திக்ஸ் கமிட்டிக்கு எந்த முடிவைச் சொன்னாரோ அது முதலில். ஆர்டினல் இரண்டாவது அட்டவணை. முடிவைப் பார்த்துவிட்டு எது நன்றாக வந்ததோ அதை முதன்மையாக்குவதுதான் பெரிய தவறு.

ஊர்மட்ட வேரியபிள்களையும் அடுக்கவேண்டாம். ஃப்ளோரைடு, அதோடு இன்னொன்று. சாலைத் தூரம், மக்கள்தொகை, நிலத்தடி நீர்மட்டம் என்று ஐந்தாறு சேர்த்தால் 16 புள்ளிகளை மாடல் மனப்பாடம் செய்துவிடும். ஸ்டெப்வைஸ் பட்டன் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு கேள்வி, காரிமங்கலம்: 16 ஊரும் எப்படித் தேர்வானது? குலுக்கலா, ஃப்ளோரைடு அதிகம், குறைவு என்று பார்த்து எடுத்ததா?

காரிமங்கலம்_பிஜி:

பழைய நீர்ப்பரிசோதனைப் பட்டியலைப் பார்த்து 8 அதிகம், 8 குறைவு என்று எடுத்தோம் சார்.

தென்பெண்ணை:

அப்படியென்றால் ஃப்ளோரைடுக்கும் பல்லுக்கும் உள்ள உறவைச் சொல்லலாம், தடையில்லை. "தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரோசிஸ் இத்தனை சதவீதம்" என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதிகமுள்ள ஊர்களைத் தேடிப்பிடித்து பாதி இடம் கொடுத்துவிட்டு மாவட்டச் சராசரி சொல்ல முடியாது. காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ் மாட்யூலும் வெயிட்டும் இங்கே உதவாது, தேர்வு வாய்ப்பே தெரியாதபோது வெயிட் எதிலிருந்து வரும்? தலைப்பில் "பரவல்" என்று இருந்தால் "தொடர்பு" என்று மாற்றக் கைடிடம் கேளுங்கள்.

மாங்கூழ்:

ஒவ்வொரு டயலாகிலும் ஓகேவுக்குப் பதில் பேஸ்ட் அழுத்துங்கள். சின்டாக்ஸ் ஃபைலில் கட்டளை விழும், அதை ரன் செய்யலாம். 17 ஊரை 16 ஆக்கியதும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டவேண்டும். மெனுவில் தட்டித் தட்டி ஓட்டினால் ஒரு டேபிளாவது பழைய எண்ணோடு ஆய்வேட்டில் தங்கிவிடும்.

ஃபைலை யாருக்காவது உதவிக்கு அனுப்புவதாக இருந்தால் பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். இங்கே ஸ்க்ரீன்ஷாட் போடும்போதும் அந்தப் பத்திகள் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.